எல்லா டிராப்பும் ஒரே டிராப்தானா? எலக்ட்ரானிக் நடன இசை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எலக்ட்ரானிக் நடன இசையைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு புகார்கள் தவறாமல் வருகின்றன. எல்லாம் ஒரே மாதிரி ஒலிக்கிறது என்பது ஒன்று. யாரும் சொந்தமாக எதையும் செய்வதில்லை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் புகார் சொல்பவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் விரலை வைக்கிறார்கள் என்பது என் கருத்து.

இடிஎம் (எலக்ட்ரானிக் டான்ஸ் மியூசிக்) என்று எதைச் சொல்கிறீர்கள்?

1980களில் சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் கறுப்பின இளைஞர்கள் மலிவான டிரம் மெஷின்களையும், மின்னணு முறையில் ஒலி எழுப்பும் சிந்தசைசர்களையும் கொண்டு உருவாக்கிய ஹவுஸ், டெக்னோ ஆகியவற்றின் வாரிசுகள் எல்லாவற்றையும். சிகாகோவின் ஃபிராங்கி நக்கிள்ஸ், டெட்ராய்ட்டின் ஜுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன் ஆகியோர் அந்தத் தலைமுறையின் முதல் பெயர்கள். 2010ஐ ஒட்டி அமெரிக்காவில் பெரிய மைதான விழாக்கள் பெருகியபோது பரவலான பெயர்தான் இடிஎம். புகார்கள் பெரும்பாலும் குறிவைப்பது அந்த மைதான இசையை, குறிப்பாக ‘பிக் ரூம் ஹவுஸ்’ என்ற வகையை. அடியும் உதையும் வாங்க வேண்டியதும் அதுதான்.

ஒரே மாதிரி இருக்கிறது என்பதற்கு ஆதாரம் உண்டா, அல்லது வயதானவர்களின் முணுமுணுப்பா?

ஆதாரம் உண்டு. அதுவும் அந்த வட்டாரத்துக்குள் இருந்தே கிளம்பியது. 2013ல் டலேரி என்ற பெயரில் இயங்கிய ஸ்வீடன் இரட்டையர் ஒரு குறும்பு செய்தார்கள். டிஜேக்கள் பாடல் வாங்கும் இணையக் கடையான பீட்போர்ட்டின் விற்பனைப் பட்டியலில் அப்போது இருந்த பாடல்களில் ஒரு டஜனுக்கும் மேற்பட்டவற்றை எடுத்து, ஒவ்வொன்றிலும் டிராப்பை, அதாவது ஏற்றம் முடிந்து தாளம் முழு பலத்தோடு வந்து விழும் இடத்தை மட்டும் வெட்டி, அடுத்தடுத்து ஒட்டி, ஏறத்தாழ ஒரு நிமிடத் துண்டாக வெளியிட்டார்கள். எந்த இடத்தில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று சொல்வது கடினம். வேகம் ஒன்று, கிக் டிரம்மின் (தாளத்தைத் தாங்கும் தாழ்ந்த மேள அடி) கனம் ஒன்று, டிராப்புக்கு முந்தைய மௌனத்தின் நீளம்கூட ஒன்று. கேலிக்காகச் செய்த அந்தத் துண்டைவிடத் தெளிவான விமர்சனத்தை யாரும் எழுதிவிடவில்லை.

ஆய்வுலகமும் இதைத் தொட்டிருக்கிறது. 2014ல் வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல இசை வகைகளின் ஆல்பங்களை எடுத்து, அவற்றில் என்னென்ன வாத்தியங்கள் கையாளப்படுகின்றன என்று கணக்கிட்டார்கள். ஒரு வகையின் விற்பனை ஏற ஏற, அதன் வாத்தியச் சேர்க்கை எளிமையாகி, ஒன்றுக்கொன்று நெருங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்டது. அதாவது இது இடிஎம்முக்கு மட்டும் வந்த நோய் இல்லை.

ஏன் எல்லாமே நிமிடத்துக்கு 128 அடி?

இந்தப் பாட்டுகள் தனியாக ஒலிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஒரு டிஜே ஒரு பாட்டு முடியும் முன்பே அடுத்ததை அதன்மேல் ஏற்றிக் கலக்க வேண்டும்; இரண்டின் அடிகளும் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். டிஜேக்களின் கைக்கருவியாகப் பல்லாண்டுகள் இருந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 இசைத்தட்டுச் சுழலியில் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு நழுவுகோல் உண்டு. அதன் எல்லை இருபக்கமும் 8 சதவீதம். 128 அடி வேகத்தில் செய்த பாட்டை அதில் ஏறத்தாழ 118 முதல் 138 வரை நகர்த்தலாம். அதற்கு வெகு அப்பால் இருக்கும் பாட்டோடு அதைக் கலப்பது கடினம். ஆகவே, தன் பாட்டு மேடையில் ஒலிக்க வேண்டும் என்று விரும்பும் எவரும் அடுத்தவர் வேகத்துக்குப் பக்கத்திலேயே நின்றாக வேண்டும். இன்றைய கணினிக் கருவிகள் எந்த வேகத்தையும் எந்த வேகத்துக்கும் மாற்றிவிடும் என்றாலும், அரங்கில் ஆடுபவர்களின் கால் பழகிய வேகம் அப்படிச் சட்டென்று மாறுவதில்லை.

128ல் இன்னொரு வசதி உண்டு. நான்கு அடி ஒரு பார்; 16 பார் என்றால் 64 அடி; 128 வேகத்தில் அது சரியாக 30 விநாடி. 32 பார் சரியாக ஒரு நிமிடம். பாட்டின் தொடக்கத்தில் மேளம் மட்டும் ஒரு நிமிடம் ஒலிக்கிறது என்றால், அடுத்த டிஜே கலக்கத் தொடங்குவதற்கு விடப்பட்ட வாசல் அது. வீட்டில் ஹெட்போனில் கேட்பவருக்கு அந்த ஒரு நிமிடம் அலுப்பாக இருப்பதில் வியப்பில்லை. அது அவருக்காகச் செய்யப்பட்டதே இல்லை.

ஒரு மைதானப் பாட்டைப் பிரித்துக் காட்ட முடியுமா?

2012 முதல் 2015 வரை வந்தவற்றில் எதை எடுத்தாலும் வரைபடம் ஏறத்தாழ இதுதான்.

முதலில் கிக் டிரம் மட்டும், நான்கு அடியிலும். பிறகு அதெல்லாம் விலகி, அகன்ற சிந்தசைசர் தொகுதிகளின் மேல் ஒரு குரலோ ஒரு உருக்கமான மெட்டோ வருகிறது. இந்த அகன்ற ஒலிக்கு ‘சூப்பர்சா’ என்று பெயர். 1996ல் வந்த ரோலண்ட் ஜேபி-8000 என்ற கருவியில் பிறந்தது. ஒரே சுரத்தை ஏழு அலைகளாக எழுப்பி, ஒவ்வொன்றையும் மற்றதிலிருந்து இம்மியளவு சுருதி விலக்கிவைத்தால் கிடைக்கும் அகலம் அது. முதலில் ட்ரான்ஸ் வகை அதைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. பிறகு எல்லோருக்கும் பொதுச்சொத்தானது.

அடுத்து ஏற்றம். ‘சட்’ என்று கூர்மையாக ஒலிக்கும் ஸ்நேர் டிரம் முதலில் அடிக்கு ஒன்று, பிறகு இரண்டு, பிறகு நான்கு, கடைசியில் எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகும். கூடவே ‘உஷ்ஷ்’ என்ற இரைச்சல் ஒன்று மேலேறும். கீழ் ஒலிகள் அனைத்தும் வடிகட்டப்பட்டுவிடும். மேடையிலிருந்து பாஸ் என்ற தாழ்ந்த ஒலி முற்றிலும் விலகியிருக்கும் இந்த விநாடிகளில்தான் கூட்டத்தின் கைகள் மேலே எழும். பிறகு ஒரு அடி அளவுக்கு மௌனம். அதற்குள் ஒருவர் ஏதாவது இரண்டு வார்த்தை கத்துவார்.

பிறகு டிராப். பிக் ரூமில் இந்த இடத்தில் மெட்டு என்று பெரிதாக எதுவும் இருக்காது. சில சுரங்கள், அவற்றுக்கிடையே நிறைய வெற்றிடம், கீழே வால் நீண்ட கிக். அந்தக் கிக்கின் வாலே பாஸ் வாத்தியத்தின் வேலையையும் செய்துவிடுகிறது. 2013ல் 17 வயது நெதர்லாந்துக்காரர் மார்ட்டின் கேரிக்ஸ் ‘அனிமல்ஸ்’ பாட்டில் செய்தது இதைத்தான், மரக்கட்டையைத் தட்டுவது போன்ற ஒரு ஒலியோடு. அந்தப் பாட்டு தன்னளவில் கூர்மையானது. வெற்றிடத்தை அவர் தைரியமாகக் கையாண்டிருந்தார். அதைக் கேட்டுவிட்டு அடுத்த இரண்டு ஆண்டுகளில் வந்தவைதான் கொடுமை.

சுருதியும் ஒரே மாதிரிதான் தோன்றுகிறது. கற்பனையா?

இல்லை. இந்த வகையில் எஃப் சுரத்தை ஆதாரமாகக் கொண்ட எஃப் மைனரும் அதன் அக்கம்பக்கமும் திரும்பத் திரும்ப வரும். காரணம் ஸ்பீக்கர். எஃப் சுரத்தின் தாழ்ந்த வடிவம் ஏறத்தாழ 44 ஹெர்ட்ஸ், ஜி ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். மைதானத்தில் அடுக்கும் பெரிய சப்வூஃபர்கள் நெஞ்சில் உதைப்பது போன்ற அதிர்வைத் தரும் பகுதி இதுதான். இன்னும் கீழே இறங்கினால் ஸ்பீக்கர் திணறும்; மேலே ஏறினால் உதை மெலிந்துவிடும். கிக்குக்குச் சுருதி வைத்தபின் மெட்டும் அதற்கு இணங்கித்தானே ஆக வேண்டும்?

அப்படியானால் நீங்கள் இதையெல்லாம் நியாயப்படுத்துகிறீர்களா?

பாதியை. வேகம், பார் கணக்கு, நான்கடிக் கிக், வாசல் விடும் தொடக்கம் ஆகியவை இந்த இசை செய்யும் வேலையிலிருந்து பிறந்தவை. அவற்றைக் குறை சொல்வது வெண்பாவில் ஏன் எப்போதும் ஈற்றடி முச்சீராக இருக்கிறது என்று கேட்பதற்குச் சமம்.

நியாயப்படுத்த முடியாதது வேறொன்று. ஒரே சுரத்தை வீணையும் குழலும் வாசித்தாலும் வேறாகக் கேட்கிறதே, அந்தக் குணத்தை ஒலிநிறம் என்று சொல்லலாம். நடன இசையில் மெட்டும் தாளமும் கட்டுப்பட்டவை என்பதால், படைப்பாளிக்குத் திறந்திருக்கும் பெரிய வெளி ஒலிநிறம்தான். சிகாகோவிலும் டெட்ராய்ட்டிலும் நடந்த புதுமை முழுவதும் அங்கேதான் நடந்தது. மைதான இசை அந்த வெளியையும் பூட்டிவிட்டுச் சாவியை விலைக்கு விற்கத் தொடங்கியது. என் குறை அதுதான்.

விலைக்கு விற்றது என்றால்?

பிரீசெட்களும் சாம்பிள் பேக்குகளும். சிலென்த்1, மாசிவ், 2014ல் வந்த சீரம் போன்ற மென்பொருள் சிந்தசைசர்களில், யாரோ முன்கூட்டியே வடிவமைத்த ஒலிகள் நூற்றுக்கணக்கில் அடங்கியிருக்கும், அவை பிரீசெட்கள். கிக், ஸ்நேர், ஏற்ற இரைச்சல் எல்லாம் தயாராக அடங்கிய கோப்புத் தொகுப்பு சாம்பிள் பேக். வெஞ்சன்ஸ் என்ற ஜெர்மானிய நிறுவனத்தின் தொகுப்புகள் ஒரு காலத்தில் இந்த வட்டாரத்தில் இல்லாத கணினியே இல்லை என்னும் அளவுக்குப் பரவியிருந்தன. இப்போது அந்த இடத்தில் ஸ்ப்ளைஸ் இருக்கிறது. மாதச் சந்தா கட்டினால் ஒலிகளையும், திரும்பத் திரும்பச் சுழலவிடும் சிறு இசைத்துண்டுகளான லூப்களையும் தனித்தனியாக இறக்கிக்கொள்ளலாம், உரிமைத்தொகை தனியாகத் தர வேண்டியதில்லை.

பாக்கெட் மாவில் சுட்ட தோசையும் தோசைதான். ஆனால் தெருவே ஒரு கம்பெனி மாவை வாங்கினால் தெரு முழுக்க ஒரே புளிப்பு. தலைப்பில் வேறு பெயர் இருக்கும். கிக் அதே கிக்.

பிரீசெட்டைத் தொட்டாலே படைப்பு இல்லை என்கிறீர்களா?

அப்படிச் சொல்லவே மாட்டேன். 2024ல் உலகமெங்கும் ஒலித்த அமெரிக்கப் பாடகி சப்ரீனா கார்ப்பென்டரின் ‘எஸ்பிரெஸ்ஸோ’ பாட்டின் அடித்தளம் ஸ்ப்ளைஸில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய லூப்கள்தான். அந்தச் செய்தி வெளியானபோது ஒரு கூட்டம் கொதித்தது. ஆனால் அந்த லூப்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தன. அதற்கு முன் யாருக்கும் அந்தப் பாட்டு தோன்றவில்லையே.

இதைவிட நல்ல சான்று தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. அமபியானோ என்ற வகையின் உயிர்நாடி ‘லாக் டிரம்’ என்ற பாஸ் ஒலி. மரத்தைக் குடைந்து செய்த மேளம் ஒன்று நீருக்கடியில் உறுமுவது போலக் கேட்கும். எஃப்எல் ஸ்டுடியோ மென்பொருளோடு கூடவே வரும் ஒரு சாதாரண பிளக்-இன்னின் பிரீசெட் அது என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். மென்பொருள் வைத்திருந்த எல்லோரிடமும் அந்த ஒலி இருந்தது. அதை இழுத்து, சறுக்கவிட்டு, தாளத்தைத் தாங்கும் பாஸாகவும் முன்னால் நின்று பேசும் குரலாகவும் ஒரே நேரத்தில் ஆக்கலாம் என்று தென்னாப்பிரிக்க இளைஞர்களுக்குத்தான் தோன்றியது. வேகத்தையும் ஏறத்தாழ 112க்கு இறக்கிவிட்டார்கள். 128ஐ ஒரு சட்டம் என்று அவர்கள் கருதவில்லை.

இந்த இசையில் உண்மையான புதுமைக்கு ஒரு நல்ல உதாரணம்?

ஹவுஸின் கிளையான ஆசிட் ஹவுஸ் பிறந்த கதையைத் தட்டவே முடியாது. 1980களின் தொடக்கத்தில் ரோலண்ட் நிறுவனம் டிபி-303 என்ற சிறிய வெள்ளிநிறப் பெட்டியை விற்றது. தனியாகப் பயிற்சி செய்யும் கிதார் கலைஞருக்குத் துணையாக பாஸ் வாசிக்க வேண்டும் என்பது நோக்கம். அதன் ஒலி உண்மையான பாஸ் கிதார் போல இல்லை. சுரங்களைப் பதிவதும் பெரிய தலைவலி. விற்பனை படுத்துவிட்டது, 1984ல் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். கைமாறிய பெட்டிகள் மலிவாகக் கிடைத்தன.

அப்படி ஒன்று சிகாகோவில் ஃபியூச்சர் என்ற மூவர் குழுவின் கைக்கு வந்தது. டிஜே பியர், ஸ்பேங்கி, ஹெர்ப் ஜே ஆகியோர் அந்த மூவர். பெட்டி ஒரு பாஸ் வரியைத் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருக்க, பியர் அதன் குமிழ்களைத் திருகத் தொடங்கினார். வடிகட்டியைத் திறக்கவும் மூடவும் கட்டுப்படுத்தும் குமிழ்கள் அவை. ஒரே சுரவரிசை பிழிந்தெடுத்தது போல முனகி, கீச்சிட்டு, கரைந்தது. மெட்டு மாறவே இல்லை, ஒலிநிறம் மட்டும் நிமிடக்கணக்கில் உருமாறிக்கொண்டே போனது. இதைப் பதிந்த நாடாவை மியூசிக் பாக்ஸ் கிளப்பின் டிஜே ரான் ஹார்டியிடம் கொடுத்தார்கள். முதல்முறை ஒலித்தபோது ஆடுதளம் காலியாகிவிட்டதாம். அவர் அசரவில்லை, அதே இரவில் மறுபடி மறுபடி போட்டார். நான்காம் முறை கூட்டம் வெறிபிடித்து ஆடியது என்று பியர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1987ல் அது ‘ஆசிட் டிராக்ஸ்’ என்று வெளியானது.

கவனியுங்கள்: ஒரு டிஜே மூன்று முறை தோற்கத் தயாராக இருந்தார். இன்றைய மைதான மேடையில் ஒரு மணி நேரம் கிடைக்கும் டிஜேக்கு, வாணவேடிக்கை நேரம்கூட முன்பே குறிக்கப்பட்ட நிலையில், அந்தச் சலுகையை யார் தருவார்கள்?

அதற்கு முன்பே ஒரு இந்தியர் ஆசிட் ஹவுஸ் செய்துவிட்டார் என்கிறார்களே?

சரண்ஜித் சிங் பற்றிக் கேட்கிறீர்கள். மும்பையில் இந்தித் திரைப்பட இசைக்குழுக்களில் வாசித்தவர். 1982ல் டிபி-303, டிஆர்-808, ஜூபிடர்-8 ஆகிய ரோலண்ட் கருவிகளை வைத்துப் பத்து இந்துஸ்தானி ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010ல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவுக்கு ஐந்து ஆண்டுகள் முன்பே இந்த ஒலியா என்று உலகமே வாய்பிளந்தது.

கேட்டால் நீங்களும் திடுக்கிடுவீர்கள். அந்த 303 அப்படியே ஆசிட் போலத்தான் நெளிகிறது. ஆனாலும் ‘ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்த இந்தியர்’ என்ற பட்டத்தை நான் அவருக்குச் சூட்ட மாட்டேன். சிகாகோக்காரர்கள் அவரைக் கேட்டிருக்கவில்லை, அவரும் ஒரு நடன வகையைத் தொடங்க முயலவில்லை. ஒரே பெட்டி இரண்டு ஊர்களில் இரண்டு ஆர்வக்காரர்களிடம் ஒரே ஒலியைக் கக்கியிருக்கிறது. 303ல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகும் வசதி உண்டு. ராகத்துக்கு அதுதானே வேண்டும்? அவர் அதை நாடியது ராகத்தின் தேவையால், பியர் குமிழைத் திருகியது ஆடுதளத்தின் தேவையால்.

ராகம்கூடத் திரும்பத் திரும்ப வருவதுதானே? கல்யாணியை நூற்றாண்டுகளாகப் பாடுகிறார்கள், யாரும் அலுத்துக்கொள்வதில்லையே.

இந்த வாதத்தை இடிஎம் ரசிகர்கள் அடிக்கடி எடுத்துவிடுகிறார்கள். பாதி தூரம்தான் ஓடும். ராகத்தில் பொதுவாக இருப்பது விதி. அந்த விதிக்குள் இன்று இந்தப் பாடகர் எடுக்கும் சங்கதி நாளை அவருக்கே திரும்ப வராது. டலேரி கேலி செய்த பாட்டுகளில் பொதுவாக இருந்தது முடிந்த ஒலியே. விதியைப் பகிர்வதற்கும் விளைவைப் பகிர்வதற்கும் உள்ள தொலைவு மிகப் பெரியது. ஆனால் ஒரு நல்ல டெக்னோ டிஜே நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டு கட்டும் இரவு இருக்கிறதே, அங்கே ஒப்பீடு பொருந்தும். பாட்டுகள் அவர் கையில் பிடிகள் மட்டுமே, ஆலாபனை அவருடையது.

பிறர் பதிவிலிருந்து வெட்டி எடுப்பது திருட்டுத்தானே?

சட்டத்தின் பதில் நாட்டுக்கு நாடு வேறு. நியாயத்தின் பதில் ஒவ்வொரு கதைக்கும் வேறு.

1969ல் வாஷிங்டனைச் சேர்ந்த தி வின்ஸ்டன்ஸ் குழு ஒரு இசைத்தட்டின் பின்பக்கத்துக்காக ‘ஆமென், பிரதர்’ என்ற பாட்டைப் பதிந்தது. நடுவே மற்ற எல்லோரும் நின்றுவிட, டிரம் கலைஞர் கிரிகரி கோல்மன் நான்கு பார் தனியாக வாசிக்கிறார். ஏழு விநாடிகூட இல்லை. முதலில் ஹிப்ஹாப் அதை எடுத்தது. 1990களில் லண்டன் அதை வேகமாக்கி, துண்டுதுண்டாக வெட்டி, வரிசை மாற்றி ஒட்டி, ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்று முழு வகைகளையே அதன்மேல் கட்டிவிட்டது. ஆயிரக்கணக்கான பாட்டுகளில் அந்த நான்கு பார் இருக்கிறது. கோல்மனுக்குக் காசு வரவில்லை. வீடின்றி 2006ல் இறந்தார். குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015ல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிக் கொடுத்த 24,000 பவுண்டுதான் கிடைத்தது.

இந்த ஒரு கதையில் இரண்டு உண்மைகள் அக்கம்பக்கமாக இருக்கின்றன. அந்த வெட்டி ஒட்டும் வேலை அபாரமான படைப்பு. ஒரே ஏழு விநாடியிலிருந்து ஒருவர் புயலையும் இன்னொருவர் தூறலையும் எடுத்தார்கள். அதே வேளையில் வாசித்த கைக்குச் செய்தது அநியாயம். ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பவர்களை நம்பாதீர்கள்.

நீதிமன்றங்களைக் கேட்டால் தலைசுற்றும். ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு 1977ல் வெளியிட்ட ‘மெட்டால் அவுஃப் மெட்டால்’ பதிவிலிருந்து இரண்டு விநாடியை எடுத்து 1997ல் ஒரு ராப் பாட்டில் சுழலவிட்டார் மோசஸ் பெல்ஹாம் என்ற தயாரிப்பாளர். அந்த இரண்டு விநாடிக்கான வழக்கு இருபது ஆண்டுகளைத் தாண்டி ஓடியது. காதுக்கு அடையாளம் தெரியும்படி எடுத்தால், எவ்வளவு சிறிய துண்டானாலும் அனுமதி வேண்டும் என்று 2019ல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவிலோ மடோனாவின் ‘வோக்’ பாட்டில் இருந்த 0.23 விநாடிக் கொம்பொலி பொருட்படுத்தத் தேவையில்லாத அளவு என்று 2016ல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2005ல் அதே நாட்டின் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம் நேர் எதிராகச் சொல்லியிருந்தது.

இதன் பக்கவிளைவு ஒன்றை யாரும் அதிகம் பேசுவதில்லை. பழைய இசைத்தட்டுகளில் தேடி எடுப்பது வழக்கு அபாயம் ஆனதும், அனுமதி தேவைப்படாத ஆயத்த சாம்பிள் பேக்குகளை நோக்கி எல்லோரும் நகர்ந்தார்கள். தேடல் நின்றது. ஒரே கடையில் வாங்கத் தொடங்கினார்கள்.

பணத்துக்கு இதில் பங்கு உண்டா?

நிறைய. 2012ஐ ஒட்டி எஸ்எஃப்எக்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் நடன இசை விழாக்களை வரிசையாக விலைக்கு வாங்கியது. 2013ல் பீட்போர்ட்டையும் வாங்கியது. பாட்டு விற்கும் கடையும் பாட்டு ஒலிக்கும் மேடையும் ஒரே கையில். 2016 பிப்ரவரியில் அந்த நிறுவனம் திவால் மனு கொடுத்தது. பல்லாயிரம் பேருக்கு டிக்கெட் விற்றாக வேண்டிய விழாவில், முன்பின் கேட்காத ஒலிக்கு இடம் குறைவு. தூரத்தில் நிற்பவனுக்கும் முதல்முறையிலேயே புரிய வேண்டும்.

டிஜேக்கள் மேடையில் பொத்தானை அழுத்திவிட்டுக் கைதட்டுகிறார்கள் என்பது உண்மையா?

மைதானங்களில் பெருமளவு உண்மை. கனடா டிஜே டெட்மாவ்5 2012லேயே, நாங்கள் எல்லோரும் செய்வது அதுதான் என்று வெளிப்படையாக எழுதிவிட்டார். பாட்டையும் வேறொருவரிடம் பணம் கொடுத்துச் செய்யச் சொல்லித் தன் பெயரில் வெளியிடும் மறைமுகத் தயாரிப்பு முறையும் இந்தத் தொழிலில் ஊரறிந்த ரகசியம். ஒரே ஆள் நான்கு நட்சத்திரங்களுக்குப் பாட்டு செய்தால், நான்கும் உடன்பிறப்புகளாக ஒலிக்காமல் வேறென்ன செய்யும்?

கூட்டம் புதுமையைக் கேட்கிறதா?

கேட்பதாகச் சொல்கிறது. 2013 மார்ச்சில் மயாமியின் அல்ட்ரா விழாவில் ஸ்வீடன் டிஜே அவீச்சி, தன் நிகழ்ச்சியின் நடுவே கிதார், பான்ஜோ கலைஞர்களை மேடையேற்றினார். நாட்டுப்புறச் சாயல் கொண்ட புதிய பாட்டுகள். கூட்டம் குழம்பியது, இணையத்தில் கழுவி ஊற்றினார்கள். அந்தப் பாட்டுகளில் ஒன்றான ‘வேக் மீ அப்’ சில மாதங்களில் வெளியாகி, பல நாடுகளின் பட்டியல்களில் முதலிடம் பிடித்தது. அடுத்த ஆண்டே ஆளாளுக்குக் கிதாரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். 2015ல் ஸ்க்ரில்லெக்ஸ், டிப்லோ என்ற தயாரிப்பாளர்கள் ஜஸ்டின் பீபரின் குரலையே வெட்டி, சுருதி ஏற்றி, குழல் போன்ற ஒரு கூவலாக டிராப்பில் வைத்தபோதும் இதே கதைதான். அந்தக் கூவல் அதன்பின் விளம்பரப் பாட்டுகள்வரை எல்லா இடத்திலும் கேட்டது.

தமிழர்களுக்கு இதில் பங்கு உண்டா?

இலங்கைத் தமிழ் வேர்கொண்ட பிரிட்டன் பாடகி எம்.ஐ.ஏ.யை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2007ல் வந்த ‘கலா’ ஆல்பத்துக்காகச் சென்னையில் உறுமி மேளங்களைப் பதிவு செய்தார். ‘பேர்ட் ஃப்ளூ’ பாட்டைக் கேளுங்கள்: மைதானக் கிக் இருக்க வேண்டிய இடத்தில் தோல் உராயும் அந்த உறுமல் இருக்கிறது. நம் ஊர் சாவு வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் கேட்ட ஒலி, லண்டன் கிளப்பின் கருவியாக வேலை செய்கிறது. வாத்தியத்தை அலங்காரமாகத் தொங்கவிடாமல் அதையே எலும்புக்கூடாக ஆக்கியதுதான் அதில் எனக்குப் பிடித்தது.

இப்போது புதிதாக ஏதாவது நடக்கிறதா?

பெரிய மேடைகளை விட்டு விலகிப் பாருங்கள். அமபியானோவைச் சொன்னேன். அதே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கொம் என்ற இருண்ட, உடைந்த தாளம். சிகாகோவிலேயே 160 வேகத்தில் ஃபுட்வொர்க். அங்கே ஆடுபவரின் கால் எங்கே விழும் என்று டிரம்முக்கே தெரியாது. தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் சிங்கெலி, 200ஐத் தாண்டும் வேகம். இவற்றில் பலவும் மைதான இடிஎம் செய்தவர்களிடம் இருந்த அதே எஃப்எல் ஸ்டுடியோவில், அதைவிடச் சுமாரான கணினிகளில் செய்யப்பட்டவை. அருகில் ஆடுகிறவர்கள் இருந்தார்கள், அவர்கள் ஆட்டத்துக்கு வேறு தாளம் தேவைப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு வந்தபின் இன்னும் மோசமாகுமா?

சராசரியைச் செய்வதில் அது கெட்டி. சூனோ, யூடியோ போன்ற சேவைகளில் இரண்டு வரி எழுதினால் 2013ன் மைதானப் பாட்டு ஒன்று நிமிடத்தில் வந்துவிடுகிறது. தங்கள் பதிவுகளை அனுமதியின்றிப் பயிற்சிக்கு எடுத்ததாகப் பெரிய இசை நிறுவனங்கள் 2024ல் அவற்றின்மீது வழக்குப் போட்டன. கலைஞர்கள் அஞ்சுவதில் நியாயம் உண்டு. ஆனால் வரைபடத்தைப் பார்த்தே பாட்டு செய்துகொண்டிருந்தவர்கள் அஞ்சுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

கணினியில் இசை செய்யத் தொடங்கியிருக்கிறேன். எல்லோரையும் போல ஒலிக்காமல் இருக்க என்ன செய்யலாம்?

வேகத்தையும் பார் கணக்கையும் மாற்றுவதில் ஆற்றலைச் செலவிடாதீர்கள். டிஜேக்கள் உங்கள் பாட்டைத் தொடமாட்டார்கள். ஒரே ஒரு சிந்தசைசரை எடுத்து, பிரீசெட் பட்டியலை மூடிவிட்டு, வெறும் அலையிலிருந்து ஒலி கட்டப் பழகுங்கள். சில மாதங்கள் அசிங்கமாகத்தான் ஒலிக்கும். ஏற்ற இரைச்சலுக்குப் பதிலாக உங்கள் வீட்டு மிக்ஸி, மின்தொடர்வண்டி கிளம்பும் ஓசை, எதை வேண்டுமானாலும் கைபேசியில் பதிந்து போட்டுப் பாருங்கள். கிக்கை மட்டும் ஆயத்தமாக எடுத்துக்கொள்வதில் தவறில்லை. பெரிய ஸ்பீக்கரில் நிற்கும் கிக்கைச் செய்வது தனிக்கலை, அதற்கு வெகுகாலம் ஆகும். டிராப்புக்கு முன் ஸ்நேரை இரட்டிக்காமல் ஒரு பாட்டு செய்து பாருங்கள். ஏற்றத்தை வேறு எதைக் கொண்டு உண்டாக்குவது என்று யோசிக்க வேண்டிவரும். கஷ்டமான வேலை, அங்கேயே பலர் ஸ்நேருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.